மொழியும் பொறியியலும் சேர்ந்து படிக்க இடமுண்டா?

தமிழ்நாட்டுக் கல்வி முறையில் ஒரு மாணவரின் அறிவுலகம் பெரும்பாலும் பதினைந்து வயதிலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடித்து மேல்நிலைக் கல்விக்குச் செல்லும்போது அவர் எடுக்கும் ‘குரூப்’ கணிதமும் அறிவியலும் சார்ந்ததாக இருந்தால், பிளஸ் டூ தேர்வோடு தமிழ்ப் பாடம் அவரைவிட்டு விலகத் தொடங்குகிறது. பொறியியல் கல்லூரியில் சேர்ந்த பிறகு மொழி என்பது வளாக நேர்காணலுக்கான ஆங்கிலப் பயிற்சியாகச் சுருங்கிப்போகிறது. கலைப் பாடங்களை எடுத்து, பின்னர் தமிழ் இலக்கியமோ ஆங்கில இலக்கியமோ இதழியலோ படிப்பவருக்குக் கணிதத்தோடும், கணினிக்குக் கட்டளைத் தொடர் எழுதும் நிரலாக்கத்தோடும் உறவு அற்றுப்போகிறது. முன்னவர் கெட்டிக்காரர் என்றும், பின்னவர் மதிப்பெண் குறைந்ததால் ஒதுங்கியவர் என்றும் ஊரும் உறவும் முடிவுகட்டிவிடுவது இந்தப் பிரிவினையை மேலும் இறுக்குகிறது. ஆனால் தமிழ்மொழிக்கு இன்று செய்யப்பட வேண்டிய அவசரப் பணிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு பக்கங்களும் சந்திக்கும் இடத்தில்தான் தேங்கிக் கிடக்கின்றன. அந்த இடத்தில் நின்று வேலை செய்யக்கூடிய மாணவரைத் திட்டமிட்டு உருவாக்கும் பட்டப்படிப்புகளோ இங்கு மிக அரிதாகவே உள்ளன.

இந்தப் பிரிவினைக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையில் 1794ஆம் ஆண்டு, மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால், நிலத்தை அளக்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதற்காக எட்டு மாணவர்களோடு ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது; அதுவே வளர்ந்து பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. அதே நகரில் 1812ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியும் தமிழறிஞருமான எஃப்.டபிள்யூ. எல்லிஸின் முன்முயற்சியால், அந்தக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்கப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி எழுந்தது. தமிழ்ப் புலவர்கள் அங்கே ஆசிரியர்களாக அமர்ந்து இலக்கண நூல்களையும் உரைநடை நூல்களையும் உருவாக்கினார்கள். நிலத்தை அளப்பதற்கு ஒரு பள்ளி, அந்த நிலத்து மக்களின் மொழியை அறிவதற்கு வேறொரு கல்லூரி என்ற ஏற்பாடு, வரி வசூலையும் நிர்வாகத்தையும் கருத்தில் கொண்ட ஓர் அரசுக்கு வசதியாக இருந்தது. அந்த வசதிக்காகப் பிரிந்து நின்ற இரண்டு மரபுகளும், ஆட்சி மாறிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், தனித்தனி நுழைவாயில்களோடும் தனித்தனிப் பாடத்திட்டங்களோடும் நீடிப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

கல்வி நிலையங்கள் பிரித்துவைத்ததை அச்சகங்களும் இதழ்களும் சேர்த்துவைத்தன என்பது தமிழ் ஊடக வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. உலோக அச்செழுத்துகளைக் கையால் எடுத்துக் கோத்த காலத்தில், ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளுக்கு மற்ற உயிர்மெய்களிலிருந்து வேறுபட்ட தனி வடிவங்கள் இருந்ததால், ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வார்க்கவும் தனி அறை ஒதுக்கவும் வேண்டியிருந்தது. கால் வாங்கும் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே காலும், ஐகாரம் ஏறும் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே கொம்பும் போதும் என்று கண்ட பெரியார், 1935இல் தம் ‘குடிஅரசு’ இதழில் அந்த மாற்றத்தை நடைமுறைப்படுத்தினார். 1978இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. எழுத்தின் வடிவம், அச்சகத்தின் உழைப்பு, இதழின் செலவு ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த முடிவு அது. மொழி, ஊடகம், தொழில்நுட்பம், வணிகம் என்று இன்றைய பாடத்திட்டங்கள் நான்கு துறைகளாகக் கூறுபோடும் விஷயங்கள் அந்த ஒரு சீர்திருத்தத்தில் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தன. கோவையில் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜி.ஆர். தாமோதரன், ‘கலைக்கதிர்’ என்னும் அறிவியல் மாத இதழை நடத்தியதையும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும்: பொறியியலைக் கற்பித்த கைகளே அதைத் தமிழில் எழுதுவதற்கான சொற்களையும் தேடின.

கணினிக் காலம் வந்தபோதும் இரண்டு கரைகளிலும் கால் வைத்தவர்களே முதலில் வழி கண்டார்கள். சிங்கப்பூரின் சிறுகதை எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழகத்தின் தமிழ் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, தம் சொந்த முயற்சியில் கணினியைக் கற்று, ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995இல் தமிழ் எழுத்துகள் இணையத்தில் ஏறிய தொடக்க நிகழ்வுகளில் அவருடைய பங்கு முதன்மையானது. மலேசியாவில், கவிஞரும் கவிதைத் தொகுப்பாசிரியருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், பொறியியல் படித்து, 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளைத் தந்து, பின்னர் கைப்பேசியில் தமிழ் எழுத வழிசெய்தார். இரசாயனமும் சட்டமும் படித்து ஆட்சிப் பணிக்கு வந்த ஐராவதம் மகாதேவன், சிந்துவெளி எழுத்துகளுக்குக் கணினியின் துணையோடு தொடரடைவு, அதாவது ஒவ்வொரு குறியும் எந்தெந்த இடத்தில் எந்தக் குறிகளோடு சேர்ந்து வருகிறது என்று காட்டும் அட்டவணை, தயாரித்து 1977இல் வெளியிட்டார். அவரே பின்னர் தினமணியின் ஆசிரியராகவும் இருந்தார். இவர்களில் எவருக்கும் அந்தக் கூட்டுப் படிப்பைக் கல்லூரி அமைத்துத் தரவில்லை என்பதையும், தனிமனித வேட்கை அமைத்துக்கொண்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. வேட்கையும் வசதியும் ஒருங்கே வாய்த்த சிலரை நம்பியே ஒரு மொழி தன் எதிர்காலத்தை விட்டுவைப்பது பெரும் ஆபத்து.

இந்த வரிசையில் வா.செ. குழந்தைசாமியின் வாழ்க்கை தனித்த கவனத்துக்கு உரியது. நீரியல் என்பது மழை, ஆற்றோட்டம், வெள்ளம் ஆகியவற்றின் அளவையும் போக்கையும் ஆராயும் பொறியியல் துறை. அத்துறையில் அவர் உருவாக்கிய கணித மாதிரி அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கரக்பூர் ஐஐடியிலும் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்திலும் பயின்ற அவர், ‘குலோத்துங்கன்’ என்ற பெயரில் தமிழ்க் கவிதை எழுதினார். ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும், 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளமிட்டார். வெள்ளப் பெருக்கைச் சமன்பாடாக எழுதத் தெரிந்த ஒருவர் திருக்குறளைப் பற்றியும் எழுதியது அவருடைய ஓய்வுநேர விருப்பம் என்று கொள்வது பிழை. தமிழர்கள் உலகின் பல நாடுகளில் சிதறி வாழ்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்கு வகுப்பறை வழியாகத் தமிழைக் கொண்டுசேர்க்க முடியாது என்ற சிக்கலை அவர் ஒரு பொறியாளரின் கண்ணோடு கண்டதால்தான், இணையத்தையே பல்கலைக்கழகமாக்கும் விடை கிடைத்தது. பாரதியும் கம்பனும் தெரிந்திருந்ததால், அந்தப் பல்கலைக்கழகம் எதைக் கற்பிக்க வேண்டும் என்பதிலும் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இனி மாணவரின் மேசைக்கு வரலாம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். பெரும்பாலான நிரல்மொழிகளில் அதே சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று விடை வருகிறது. உலக மொழிகளின் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் எண் வழங்கும் பொதுத்தரமான ஒருங்குறியில், உயிர்மெய் எழுத்து ஒரே எண்ணாக இல்லாமல், அகரமேறிய மெய்யும் அதன்மேல் வரும் குறியும் எனத் தனித்தனி எண்களாக வைக்கப்பட்டிருப்பதே காரணம்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. இது வெறும் எண்ணிக்கைச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட பழைய இந்தியத் தரத்தைப் பின்பற்றி அமைந்ததால், அதில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வருகின்றன. தமிழ் நெடுங்கணக்கிலோ றகரமும் னகரமும் கடைசியில் நிற்பவை. எண் வரிசைப்படியே அடுக்கும் மென்பொருள் ஒன்று, புள்ளிக்கும் உரிய இடம் தெரியாமல், ‘பகல்’ என்பதை முதலிலும் ‘பக்கம்’ என்பதைப் பின்னாலும் வைக்கும். தமிழ் அகராதி மரபில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருவதால் ‘பக்கம்’தான் முன்னால் வர வேண்டும். வாக்காளர் பெயர்ப் பட்டியலையோ நூலக அட்டவணையையோ அகர வரிசையில் அடுக்கும் நிரலை எழுதும் பொறியாளருக்கு நெடுங்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அந்த அட்டவணையில் பிழை கண்டுபிடிக்கும் தமிழ் மாணவருக்கு, பிழை எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அளவுக்காவது ஒருங்குறி தெரிந்திருக்க வேண்டும்.

இலக்கணம் தொழில்நுட்பத்துக்குள் நேராகப் புகுந்து பயன்தந்த இடமும் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவாக வந்த ‘தமிழ் 99’ விசைப்பலகையில், ஒரே மெய்யெழுத்தின் விசையை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்தின்மேல் புள்ளி தானாக விழும். ஙகரத்தை அடுத்துக் ககரத்தையோ, ஞகரத்தை அடுத்துச் சகரத்தையோ தட்டினாலும் அப்படியே. மெல்லினத்தின் பின்னே அதற்கு இனமான வல்லினம் வரும்போது மெல்லினம் மெய்யாகவே நிற்கும் என்ற எழுத்திலக்கணச் செய்தி, அத்தகைய ஒவ்வொரு சொல்லிலும் ஒரு விசைத் தட்டலை மிச்சப்படுத்தும் விதியாக மாறியிருக்கிறது. நாள் முழுவதும் தட்டச்சு செய்யும் உதவியாசிரியரின் விரல்களுக்கு அந்த மிச்சம் என்ன என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலக்கணத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த மாணவருக்கு இப்படியொரு பயன் இருப்பதை எந்த வகுப்பறையும் எடுத்துக்காட்டுவதில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

பகுபத உறுப்பிலக்கணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘வந்தனன்’ என்ற சொல்லை வா என்னும் பகுதி, அது ‘வ’ எனக் குறுகிய விகாரம், தகரச் சந்தி, அது நகரமான விகாரம், இறந்தகாலம் காட்டும் தகர இடைநிலை, அன் சாரியை, ஆண்பால் வினைமுற்று விகுதியான அன் என்று பிரித்தெழுதி இரண்டு மதிப்பெண் வாங்காத தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் அரிது. கணினி மொழியியலில் இதே செயலுக்கு உருபனியல் பகுப்பாய்வு என்று பெயர்: ஒரு சொல்லை அதன் வேராகவும் ஒட்டுகளாகவும் உடைத்து, ஒவ்வோர் ஒட்டும் என்ன பொருளைத் தருகிறது என்று கணினிக்கு உணர்த்துதல். தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியில் ஒரு வினையடியிலிருந்து எண்ணற்ற வடிவங்கள் கிளைப்பதால், இந்தப் பகுப்பாய்வு சரியாக அமையாமல் தேடுபொறி, பிழைதிருத்தி, மொழிபெயர்ப்புப் பொறி எதுவுமே தமிழுக்குச் செம்மையாக இயங்காது. ‘வா’ என்று தேடுபவருக்கு ‘வந்தவர்களிடமிருந்து’ என்பதும் அதன் வடிவமே என்று பொறி அறிந்திருக்க வேண்டும். நன்னூலார் வகுத்த ஆறு உறுப்புகளைப் படித்த மாணவர், ஒரு பெரிய பொறியியல் பணியின் அடித்தளத்தை ஏற்கெனவே தம் நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். அதை விதியாக்கி நிரலாக எழுதும் அடுத்த படியைக் கற்பிக்கும் ஆசிரியர் அவருக்கு வாய்க்கவில்லை. பொறியியல் மாணவருக்கோ அந்த நோட்டுப் புத்தகமே மறந்துபோயிருக்கும்.

ஒலியின் பக்கம் சென்றால் சிக்கல் இன்னும் கூர்மையடைகிறது. எழுதியதை உரக்கப் படிக்கும் மென்பொருளை உரை–ஒலி மாற்றி என்பார்கள். பார்வைக் குறையுள்ள மாணவர்கள் பாடநூல் படிக்கவும், ஓட்டுநர்கள் வழி கேட்டறியவும் அது பயன்படுகிறது. தமிழில் ககரம் சொல்லின் முதலில் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்து வேறாகவும், இரண்டு உயிர்களுக்கு இடையே நெகிழ்ந்தும் ஒலிக்கிறது என்பதை ‘கடல்’, ‘சங்கம்’, ‘பகல்’ என்ற சொற்களைச் சொல்லிப் பார்த்தாலே உணரலாம். இந்த விதிகளை அறிந்த பொறி தமிழ்ச் சொற்களைச் சரியாக வாசித்துவிடும். ஆனால் ‘குருவி’ என்பதையும் ‘குரு’ என்பதையும், ‘பல்’ என்பதையும் ‘பல்பு’ என்பதையும் பார்க்கும்போது தடுமாறும், ஏனெனில் எழுத்து ஒன்றாக இருக்க ஒலி வேறாக இருக்கிறது. எந்தச் சொல் வடமொழியிலிருந்து வந்தது, எது ஆங்கிலத்திலிருந்து வந்தது, எது தமிழில் நுழைந்து தமிழொலியையே ஏற்றுக்கொண்டது என்று பிரித்துத் தருவது சொற்பிறப்பும் ஒலியியலும் கற்ற மாணவரின் வேலை. எழுத்துகளின் பிறப்பைத் தனி இயலில் விளக்கிய தொல்காப்பிய மரபில் வந்தவர்கள், அந்த வேலையை மொழி தெரியாத பொறியாளரின் ஊகத்துக்கு விட்டுவிடுவது தகாது.

செயற்கை நுண்ணறிவு பரவிய இந்த ஆண்டுகளில் மொழி அறிவு இல்லாத தொழில்நுட்பம் பணத்தையும் விழுங்குகிறது. பெரிய மொழி மாதிரிகள் உரையை ‘டோக்கன்’ எனப்படும் சிறு துண்டுகளாக உடைத்தே கையாள்கின்றன. பல சேவைகளில் கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும்; தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். எனவே ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் பதினைந்து பைட்டுகளைப் பிடிக்கிறது. ஆங்கில உரைகளையே மிகுதியாகக் கொண்டு வகுக்கப்பட்ட துண்டாக்கும் முறை, தமிழ்ச் சொல்லை அதன் இலக்கண உறுப்புகளில் உடைக்காமல் கண்ட இடத்தில் உடைத்துவிடுவதால், ஒரே செய்திக்குத் தமிழில் கூடுதல் துண்டுகள் ஆகின்றன; திருநெல்வேலியில் தமிழில் சேவை தர நினைக்கும் சிறு நிறுவனம் அதற்கான விலையைக் கொடுக்கிறது. இதைச் சரிசெய்ய இலக்கணம், நிரலாக்கம், செலவுக் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே குழுவுக்குள், முடிந்தால் ஒரே தலைக்குள், இருக்க வேண்டும். இல்லையேல் இலக்கியம் படித்தவர்கள் தரவுக்கு அடையாளக் குறியிடும் துண்டுக்கூலி வேலையோடு நின்றுவிடுவார்கள். அந்தத் தரவைக் கொண்டு என்ன கட்டுவது என்ற முடிவை, தமிழே அறியாதவர்கள் எடுப்பார்கள்.

வணிகத் தொழில்நுட்பம் என்பது விற்பனை, கணக்கு, கொள்முதல், வாடிக்கையாளர் தொடர்பு போன்ற நிறுவனப் பணிகளை மென்பொருள்வழி நடத்துவதைக் கற்பிக்கும் துறை. மொழிக்கு அங்கே இடமில்லை என்று நினைப்பவர்கள், கைப்பேசிக் கடன் செயலி ஒன்றின் தமிழ்த் திரையைப் பார்த்தால் போதும். அசல், வட்டி, தவணை, பாக்கி என்று சந்தையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் தலைமுறைகளாக வழங்கும் சொற்கள் இருக்க, அகராதியைப் புரட்டி எடுத்த அரிய சொற்களோ, பொறி மொழிபெயர்த்த பொருந்தாச் சொற்களோ அங்கே நின்றால், கடன் வாங்குபவர் படிக்காமலே ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்திவிடுவார். அதன் விளைவை அவருடைய குடும்பம் சுமக்கும். மக்கள் வழக்கை அறிந்த இலக்கிய மாணவரும், எளிய நடையில் செய்தி எழுதப் பழகிய ஊடக மாணவரும் அத்தகைய நிறுவனங்களுக்குள் இருக்க வேண்டியது அறத்தின் பாற்பட்ட தேவை. 1942இல் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் நடையைச் செய்தியின் அடிப்படை விதியாக்கினார். அதே விதி இன்று திரையில் தோன்றும் ஒவ்வொரு பொத்தானுக்கும் எச்சரிக்கைக்கும் வேண்டும்.

பொறியியல் மாணவருக்கு மொழி எதற்கு என்ற கேள்விக்குச் சோழர் காலக் குமிழித் தூம்பு ஒரு விடை. ஏரிக்குள், கரையிலிருந்து தள்ளி, இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் கல்தொட்டி ஒன்று இருக்கும். தொட்டியின் மேலுள்ள நீரோடித் துளையை அடைத்திருக்கும் மூடியைத் தூக்கினால் நீர் சுழித்து உள்ளே இறங்கும். கீழுள்ள சேறோடித் துளைகள் வழியாக வண்டலும் சேர்ந்து வெளியேறும். பாசனத்துக்கு நீர் விடும்போதே ஏரியின் தூரும் குறையும்படி அமைந்த இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள நீரியக்கவியல் வேண்டும். அது எங்கே, யாரால், எந்த நிபந்தனையோடு அமைக்கப்பட்டது என்று அறியக் கல்வெட்டுத் தமிழ் வேண்டும். உபரிநீர் வழிந்தோடும் அமைப்பைப் பாடநூலில் ஆங்கிலப் பெயரால் மட்டும் படித்த இளம் பொறியாளர், கண்மாய்க் கரையில் நிற்கும் விவசாயி ‘கலிங்கு’ என்று சொல்லும்போது விழித்து நிற்கக் கூடாது. அந்த விவசாயி சொல்வதில் பல தலைமுறை அனுபவம் அடங்கியிருக்கிறது, அதை இழப்பது பொறியியலுக்குத்தான் நட்டம்.

அண்ணா பல்கலைக்கழகம் 2022ஆம் ஆண்டு முதல் தன் முதலாண்டு மாணவர்களுக்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரண்டு பாடங்களை வைத்திருப்பதும், இரண்டாவது பாடத்தில் குமிழித் தூம்பும் கணித்தமிழும் இடம்பெற்றிருப்பதும் மனமாரப் பாராட்டத்தக்கவை. ஆயினும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கிரெடிட் கொண்டவை, அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேர வகுப்பு. பெருமிதத்தை ஊட்ட அது போதும். திறனை வளர்க்கப் போதாது. முதலாண்டில் கணித்தமிழைப் பற்றிப் படித்த கணினிப் பொறியியல் மாணவர், இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஒரு தமிழ்ச் சந்தி பிரிப்பானை எழுத விரும்பினால் வழிகாட்ட ஆள் இருக்கிறாரா என்பதே உண்மையான அளவுகோல். 2010இல் அதே பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோதும், நல்ல பாடநூலும் தமிழில் கற்பிக்கப் பழகிய ஆசிரியரும் போதுமான அளவு முன்னதாகவே உருவாக்கப்பட்டிருந்தால், அந்த முயற்சி இன்னும் ஆழமாக வேர் பிடித்திருக்கும். மறுபுறம், கலைக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளில் ‘கணினித் தமிழ்’ என்று ஒரு தாள் இருந்தாலும், பல இடங்களில் அது கணினியின் வரலாற்றையும் எழுத்துருக்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்யும் தாளாகவே முடிகிறது. ஒரு நிரலைக்கூட எழுதிப் பார்க்காமல் கணினித் தமிழில் தேர்ச்சி பெற்றார் என்று சான்றளிப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி.

எல்லாவற்றையும் படிக்க முனைந்தால் எதிலும் ஆழம் இராது என்ற மறுப்பு நியாயமானது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மொழி, இலக்கியம், ஊடகம், பொறியியல், வணிகத் தொழில்நுட்பம் என்று ஐந்தையும் சம அளவில் நறுக்கிப் பரிமாறும் படிப்பு மேலோட்டமான பட்டதாரிகளையே தரும். அதற்கு மாற்றாக, ஒரு துறையில் வேர் கொண்டு மற்றொன்றில் கைவேலை செய்யத் தெரியும் அளவுக்குப் பயிலும் அமைப்பு சாத்தியம் என்பதை ஹைதராபாத் ஐஐஐடி காட்டியிருக்கிறது: அங்கே கணினிப் பொறியியலில் பி.டெக். பட்டத்தையும் கணினி மொழியியலில் ஆய்வு முதுகலைப் பட்டத்தையும் ஒரே மாணவர் ஐந்தாண்டுகளில் பெறும் இரட்டைப் பட்டப் படிப்பு நடக்கிறது. தமிழ்நாட்டிலும் விதை இல்லாமலில்லை. 1981இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில், அந்தப் பத்தாண்டிலேயே ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்குப் பொறிவழி மொழிபெயர்க்கும் ஆய்வு நடந்தது. மொழிக்கென்றே எழுந்த ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி ஆய்வு வேர்விட்ட அந்தத் தொடக்கம் தொடர்ந்து வளர்க்கப்பட்டிருந்தால், இன்று தமிழ்க் கணினியியலின் தலைநகரம் தஞ்சாவூராக இருந்திருக்கக் கூடும். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயு–கேபிசி ஆய்வு மையமும் தமிழ் மொழியாய்வுக் கருவிகளில் நெடுங்காலமாக உழைத்திருக்கிறது. தொழில் உலகமும் பட்டங்களுக்கு இடையிலான சுவரைப் பெரிதாக மதிப்பதில்லை. பள்ளிப்படிப்பு முடித்தவர்களை நேரடியாக எடுத்து, நிரலாக்கத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் ஜோஹோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளிகள் அதற்குச் சான்று.

இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே காலத்தில் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதி அளித்தது. பகலில் தமிழிலக்கியம் படிக்கும் ஒருவர், சென்னை ஐஐடி 2020இல் அறிவித்த நிரலாக்கமும் தரவு அறிவியலும் சார்ந்த இணையவழிப் படிப்பில் சேர்ந்து, வேறு கல்லூரியை நாடாமலே நிரலாக்கம் கற்கலாம். மாணவருக்கு முன்பிருந்த சட்டத் தடை இதனால் நீங்கிவிட்டது. ஆனால் இரண்டு பட்டங்களைத் தனித்தனியாகச் சுமப்பதும் இரண்டையும் ஒரு பணியில் இணைப்பதும் வேறு வேறு. ஒரே ஊரில், பல வேளைகளில் ஒரே சாலையில், இயங்கும் கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இறுதியாண்டுத் திட்டப்பணியைக் கூட்டாக நடத்துவது அந்த இணைப்புக்கு மிக எளிய வாயில்: பழைய இதழ்களின் பக்கங்களை எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கும் பணியில், பொறி எங்கே தவறுகிறது என்பதைத் தமிழ் மாணவர் வகைப்படுத்த, பொறியியல் மாணவர் அந்த வகைகளுக்கேற்பப் பொறியைத் திருத்த, ஊடக மாணவர் கிடைத்த உரையை வாசகர் தேடிப் படிக்கும் வடிவில் அமைக்கலாம். லகரத்தையும் வகரத்தையும் மங்கிய தாளில் பொறி மாற்றிப் படிக்கிறதா, பழைய ஐகார வடிவம் அதற்குத் தெரிகிறதா என்று மூவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து வாதிடும் நேரத்தில் கற்றுக்கொள்வதை எந்தத் தனித் தாளும் கற்பிக்காது.

அப்படியொரு கூட்டுப் பணிக்கு இன்று குறுக்கே நிற்பவை பெரிய கொள்கைகள் அல்ல, சிறிய விதிகள். வேறு துறை மாணவருக்கு வழிகாட்டும் நேரம் ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேருவதில்லை; வேறு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கூட்டாக மதிப்பெண் இடுவதற்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் படிவம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இளங்கலையில் ஒரு பாடமும் முதுகலையில் வேறொரு பாடமும் படித்தவர்கள் ஆசிரியர் நியமனங்களில் தகுதிச் சிக்கலைச் சந்திக்கிறார்கள். பொறியியல் முடித்து, வேட்கையோடு தமிழில் முதுகலையும் ஆய்வும் முடித்த ஒருவரைத் தமிழ்த் துறையும் ஐயத்தோடு பார்க்கிறது, கணினித் துறையும் வெளியே நிறுத்துகிறது. கூட்டுப் படிப்பைக் கற்பிக்க முதலில் வேண்டியவர்கள் இவர்களே. எனவே, கணினித் தமிழுக்கென்று தனிப் பணியிடங்களை அறிவித்து, அவற்றுக்கு இரண்டு துறைகளிலும் பட்டம் பெற்றிருப்பதையே முதன்மைத் தகுதியாக விதித்து, அரசுக் கலைக் கல்லூரிகளின் அடுத்த உதவிப் பேராசிரியர் நியமன அறிவிக்கையிலேயே அதைச் சேர்க்க உயர்கல்வித் துறை முன்வர வேண்டும்.